ஜேபெக் லோகோவை அச்சுக்கு வெக்டராக்க வேண்டும். டிரேஸ் சரியாக வரவில்லை

நாடகக்குழு:
வணக்கம். எங்கள் நாடகக் குழுவின் லோகோ ஒரே ஒரு ஜேபெக் கோப்பாகத்தான் கையில் இருக்கிறது. அகலம் 640 பிக்சல், அதுவும் வாட்ஸ்அப்பில் வந்தது. வரைந்து கொடுத்தவரிடமும் மூலக் கோப்பு இல்லை. ஒரு வட்டம், உள்ளே முகமூடி, அடியில் தமிழில் குழுவின் பெயர். கறுப்பு, அரக்குச் சிவப்பு என இரண்டே நிறம். விசிட்டிங் கார்டும் 6 அடி அகலப் பேனரும் அடிக்க வேண்டும். அச்சகத்தில் வெக்டர் பிடிஎஃப் (பிக்சல்களாக இல்லாமல் கோடுகளாகவும் வடிவங்களாகவும் வரைந்த கோப்பு) கேட்டார்கள். ஜேபெக்கைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினோம். உள்ளே இருப்பது படம்தான் என்று திருப்பிவிட்டார்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் டிரேஸ் செய்தால், அதாவது படத்தைத் தானாகவே கோடுகளாக மாற்றச் சொன்னால், வட்டம் நெளிகிறது, எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்கின்றன. எந்த அமைப்பை மாற்றிப் பார்க்கலாம்?

மைக்கோடு:
வணக்கம். அச்சுப் பிளேட் போடுவதற்கு முன் கோப்புகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. இப்படிப்பட்ட லோகோ நிறைய வரும். எந்த அமைப்பை மாற்றினாலும் இந்தப் படத்திலிருந்து நல்ல கோடு வராது. திரும்ப வரைந்துவிடுங்கள். இரண்டு நிறம், ஒரு வட்டம், ஒரு முகமூடி என்றால் ஒரு மாலை வேலைதான்.

ஏன் வராது என்றால், டிரேஸுக்கு வட்டம் என்றோ எழுத்து என்றோ தெரியாது. நிறம் மாறும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். ஜேபெக் படத்தை 8x8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதனால் ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் அழுக்குப் போல ஒரு மங்கல் இருக்கும். டிரேஸ் அந்த அழுக்கையும் சேர்த்து வரைந்து கொடுக்கிறது. உங்கள் 640 பிக்சலை 6 அடிக்கு, அதாவது 72 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 9 பிக்சல்கூட இல்லை.

கோப்பு உண்மையிலேயே வெக்டரா என்று பார்ப்பது எளிது. இங்க்ஸ்கேப்பில் கண்ட்ரோல்+5, இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல்+ஒய் அழுத்தி அவுட்லைன் காட்சிக்குப் போங்கள். கோடுகள் தெரிந்தால் வெக்டர். வெறும் ஒரு பெட்டி தெரிந்தால் உள்ளே ஜேபெக் உட்கார்ந்திருக்கிறது.

வரைவதற்கு: ஜேபெக்கை அடியில் ஒரு லேயரில் வைத்து, பாதி மங்கலாக்கி, பூட்டிவிடுங்கள். வட்டத்தை வட்டக் கருவியாலேயே போடுங்கள். அதற்கு 4 நோடு (கோட்டின் வடிவத்தைத் தீர்மானிக்கும் புள்ளி) போதும். டிரேஸ் கொடுத்த வட்டத்தில் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், நெளிவுக்குக் காரணம் புரிந்துவிடும். முகமூடியைப் பேனா கருவியால் பாதி மட்டும் வரைந்து, கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி ஒட்டுங்கள். நோடுகளை வளைவின் உச்சியிலும் அடியிலும் இடது, வலது ஓரங்களிலும் வையுங்கள். குறைந்த நோடு, நீண்ட கைப்பிடி (நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்பும் கோடு). வளைவு தானாக வழவழப்பாக வரும்.

எழுத்துகளை மட்டும் வரைய வேண்டாம். தமிழ் எழுத்து டிரேஸில் படும் பாடு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், 'ழு'வின் கீழ்வளைவு பருத்துவிடும், புள்ளி கோணல்மாணலான பலகோணமாகிவிடும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, அதிலேயே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். கொம்பும் காலும் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். சில மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அப்புறம் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு என்றால் இது கட்டாயம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பெயர் முழுக்க ஆங்கில எழுத்துகளாகச் சிதறிவிடும்.

கைவரை:
டிரேஸை இப்படி ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் மையால் வரைந்த கோட்டோவியங்களை 600 பிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்து, அழுத்தமான கறுப்பு வெள்ளையாக்கி, இங்க்ஸ்கேப்பிலேயே டிரேஸ் செய்கிறேன். தூரிகையின் தடம்கூட அப்படியே வருகிறது.

மைக்கோடு:
அது முற்றிலும் சரி. மூலம் பெரியதாக, சுத்தமாக இருந்தால் டிரேஸ் நல்ல கருவி. தூரிகைக் கோட்டைப் பேனா கருவியால் வரைந்தால் உயிரே போய்விடும். ஒளிப்படத்தைத்தான் வெக்டர் ஆக்கவே கூடாது. அதை அச்சாகும் அளவில் 300 பிபிஐ படமாகவே விடுங்கள். தள்ளி நின்று பார்க்கும் பேனருக்கு 100 பிபிஐ போதும்.

நான்குநிறம்:
நிறத்தையும் கவனியுங்கள். இங்க்ஸ்கேப் கோப்பு ஆர்ஜிபியில்தான் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) இருக்கும். அந்தக் கறுப்பு ஆஃப்செட் அச்சுக்குப் போகும்போது நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறக்கூடும். விசிட்டிங் கார்டின் சிறிய எழுத்தில் மை கொஞ்சம் விலகினாலும் நிறம் பிதுங்கித் தெரியும். கோப்பை ஸ்கிரைபஸிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ திறந்து, கறுப்பைக் கறுப்பு மை 100, மற்ற மூன்றும் 0 என்று வைத்து, அங்கிருந்து பிடிஎஃப் எடுங்கள். அரக்குச் சிவப்பைத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், அச்சடித்த மாதிரி ஒன்றைக் கேளுங்கள்.

நாடகக்குழு:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வரைந்து முடித்தேன், வட்டம் இப்போது வட்டமாக இருக்கிறது! எழுத்துருவும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம்: முகமூடியின் கண்களாக இரண்டு வெள்ளை வடிவங்கள் வைத்திருக்கிறேன். பேனரின் பின்னணி மஞ்சள். சிக்கல் வருமா?

மைக்கோடு:
வரும், கண்கள் மஞ்சளில் வெள்ளையாகவே நிற்கும். பின்னணி தெரிய வேண்டும் என்றால் வெள்ளை வடிவத்தை முகமூடியின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, பாத் பட்டியலில் டிஃபரன்ஸ் கொடுங்கள். கண் உண்மையான துளையாகிவிடும். இரண்டாவது கண்ணுக்கும் அதே மாதிரி.

அதோடு, வட்டத்தின் தடிமனை ஸ்ட்ரோக்காக (வடிவமாக இல்லாமல், தடிமன் மட்டும் கொடுத்த கோடாக) விட்டிருந்தால் அதையும் ஸ்ட்ரோக் டு பாத் கொடுத்து வடிவமாக மாற்றுங்கள். இல்லாவிட்டால் பேனர் அளவுக்குப் பெரிதாக்கும்போது, அமைப்பைப் பொறுத்து, வட்டம் பெரிதாகிக் கோடு மட்டும் பழைய தடிமனிலேயே இழையாக நிற்கலாம். மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமித்து வையுங்கள். குழுவின் பெயரில் ஏதாவது மாற்ற வேண்டி வந்தால் அதுதான் உதவும்.