புதுப்பிப்பு: குச்சவெளிச் சோளத்தில வெள்ளைப் பட்டை, சிங்க் அடிச்ச பிறகு

கார்த்திகை மழைக்குள்ள எழுதியிருந்தன்: 20 நாள் சோளம், இளம் இலையில நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் அடியில இருந்து வெளிறின பட்டை. கனபேர் யூரியா போடச் சொன்னீங்கள். ஒரு அண்ணா மட்டும் சிங்க் (துத்தநாகச் சத்து) குறைவு எண்டார். அவர் சொன்னதுதான் சரி.

யூரியா காணாட்டி முதல்ல கீழ் இலை நுனியில இருந்து மஞ்சளாகும். இது குருத்துப் பக்கம். எங்கட நிலம் சிப்பி கலந்த காரமண். அதோட நான் ரிஎஸ்பி எண்ட பொஸ்பரஸ் உரத்தையும் அள்ளிப் போட்டிட்டன். ரெண்டும் சேர்ந்தால் வேருக்கு சிங்க் கிடைக்காது.

16 லீற்றர் டாங்கிக்கு 80 கிராம் சிங்க் சல்பேட், 40 கிராம் நீறின சுண்ணாம்பு. முதல் டாங்கியைச் சுண்ணாம்பில்லாமல் அடிச்சு இலை நுனி கருகிப் போச்சு, தயவுசெய்து அதை விட்டிடாதேங்கோ. சுண்ணாம்பைத் தனியாக் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியைப் பழைய சாரத்தில வடிச்சு ஊத்துங்கோ, இல்லாட்டி நொசில் அடைக்கும். மழை விட்ட பின்னேரங்களில, பத்து நாள் இடைவெளியில ரெண்டு தரம் அடிச்சன்.

வெளிறின இலை பச்சையாகேல்லை. ஆனால் புதுக் குருத்து கரும்பச்சையா வந்ததைக் கண்டதும்தான் மனம் ஆறினது. ஒப்பிட்டுப் பார்க்க நாலு வரிசை அடிக்காமல் விட்டிருந்தன், அது தோளளவிலயே நிண்டிட்டுது. போன கிழமை பொத்தி உரிச்சுப் பார்த்தன்: அடிச்சதில நுனிவரை மணி, விட்டதில நுனியில ரெண்டு விரல் அகலத்துக்கு வெறும் தக்கை.

இப்பிடி இலையில அடிக்கிறது அடியுரத்துக்கு ஈடில்லை. அடுத்த போகத்துக்கு மண்ணைப் பரிசோதிச்சிட்டுத்தான் ரிஎஸ்பி மூட்டையை அவிழ்ப்பன்.