பல வருஷம் ஷெட்ல கிடந்த பழைய காரை எழுப்பினவங்க இருக்கீங்களா? அனுபவத்தைச் சொல்லுங்க

காக்ஸ் டவுன் ஹெரால்டு:

பெரியப்பா போன பிறகு அவரோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்க பெங்களூரு காக்ஸ் டவுன் வீட்டுப் பின்பக்க ஷெட்லயே நின்னுபோச்சு. 1964 மாடல், ரெண்டு கதவு, எம்.ஒய்.னு ஆரம்பிக்கிற மைசூர் மாநில காலத்து நம்பர். 80-கள் கடைசியில நிறுத்தினது. நாலு டயரும் வெடிச்சு ரிம் தரையில உக்காந்திருந்துச்சு. ஏர் கிளீனருக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருந்துச்சு.

வண்டியை எடுக்கப் போறேன்னதும் சொந்தக்காரங்க எல்லாரும் கேட்டது "ஸ்டார்ட் ஆகுமா?". சிவாஜிநகர்ல பட்டறை வெச்சிருக்கிற பாய் வந்து ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டு, "ஸ்டார்ட் ஆயிடும் தம்பி. நிக்குமா, அதைக் கேளு"ன்னார். அதனால இன்ஜினைத் தொடாம பிரேக்ல இருந்து ஆரம்பிச்சோம். இன்னைக்கும் யார் கேட்டாலும் அதே வரிசையைத்தான் சொல்லுவேன்.

ஹெரால்டுல நாலு பக்கமும் டிரம் பிரேக். லைனிங் டிரம்மோட துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டதால தள்ளினாக்கூட நகரல. அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம் விளிம்பைச் சுத்திச் சுத்தி மரச் சுத்தியால தட்டித்தான் கழட்டினோம். உள்ள பிரேக் கட்டையைத் தள்ளுற வீல் சிலிண்டர் பிஸ்டன் எல்லாம் இறுகிக் கிடந்துச்சு. காரணம் பிரேக் ஆயில்தான். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஓடுற வண்டியில அப்பப்போ ஆயிலை மாத்திட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது. ஒரே இடத்துல வருஷக்கணக்கா நின்னா, அந்த ஈரம் போர்ல, அதாவது சிலிண்டர் உள்சுவர்ல, குழி குழியா அரிச்சிடும். புது ரப்பர் கிட் மட்டும் போட்டா குழி வழியா கசியும். லேத்ல கொடுத்து போரைக் கடைஞ்சு ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட வேண்டியதாச்சு. மாஸ்டர் சிலிண்டருக்கும் அதே வைத்தியம்.

பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் இன்னும் மோசம். வெளியில பார்த்தா ஒரு வெடிப்பு இருக்காது. உள்ள ரப்பர் ஊதி ஓட்டையை அடைச்சிருக்கும். மிதிச்சா அழுத்தத்துல ஆயில் போயிடும், காலை எடுத்தா திரும்பி வராது. பிரேக் பிடிச்சது பிடிச்சபடியே நிக்கும். ஹோஸோட முகத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, வயசைப் பார்த்து மாத்திடுங்க.

அப்புறம்தான் இன்ஜின். 948 சி.சி., பிரச்சினை இல்லாத சின்ன இன்ஜின். பிளக் நாலையும் கழட்டி ஒவ்வொரு போர்லயும் டீசலும் ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) கலந்து ஊத்தி ஊற விட்டோம். பேட்டரியை வெச்சு செல்ஃப் அடிச்சுப் பார்க்கலாமேன்னு மச்சான் துடிச்சான். இறுகின பிஸ்டன் ரிங்கை செல்ஃப் இழுத்தா ரிங் உடையும், போர் கீறும். முன்னாடி புல்லி போல்ட்ல ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு அசைச்சோம். கொஞ்ச நாள் ஊறினதும் விட்டுக்கொடுத்துச்சு. அதுக்கு முன்னாடியே மேல் கவரைக் கழட்டி வால்வு எல்லாம் ஏறி இறங்குதான்னு பார்க்கணும். ஒரு வால்வு சிக்கியிருந்தாலும் அதைத் தள்ளுற புஷ் ராடு வளைஞ்சிடும். இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற சம்ப்பை இறக்கினா அடியில தார் மாதிரி கசடு. அதோட புது ஆயில் ஊத்தியிருந்தா ஆயில் பம்ப் வலையே அடைச்சிருக்கும்.

ஹெரால்டுல ஒரு சுகம், பானெட்டும் ரெண்டு மட்கார்டும் ஒரே துண்டா முன்பக்கம் சாயும். டயர் மேல உக்காந்துகிட்டே வேலை பார்க்கலாம். இப்ப வர்ற கார்கள்ல இந்த வசதியைப் பார்க்கிறது அபூர்வம்.

பெட்ரோல் டேங்க்கைத் திறந்தப்போ ஷெட்லயே நிக்க முடியல, அப்படி ஒரு வார்னிஷ் நாத்தம். சரளைக்கல் போட்டுக் குலுக்கி, துரு நீக்குற ஆசிட் ஊத்திக் கழுவினோம். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க் வேண்டாம்னு கார்புரேட்டருக்குத் தனியா பாட்டில்ல பெட்ரோல் கொடுத்தார் பாய். தீயணைக்கிற சிலிண்டர் பக்கத்துல இருந்தாத்தான் செய்வேன்னு அடம்பிடிச்சார், சரிதான். பிளக் போடாம செல்ஃப் அடிச்சு ஆயில் பிரஷர் லைட் அணைஞ்ச பிறகுதான் பிளக்கே மாட்டினார். ஸ்டார்ட் ஆச்சு. ரேடியேட்டர் பக்கம் தண்ணி கொட்டுச்சுன்னு நினைச்சேன். கொட்டினது பிளாக்குல இருந்து. பிளாக் ஓட்டையை மூடுற தகட்டு மூடி, வெல்ச் பிளக், துருப்பிடிச்சு ஓட்டை. இத்தனை வருஷம் உள்ளயே நின்ன போர்வெல் தண்ணியோட வேலை.

ஹெரால்டு வெச்சிருக்கிறவங்க முன் வீல் ட்ரன்னியனை விட்டுடாதீங்க. ஸ்டியரிங் திரும்புறப்போ ஒரு இரும்பு மரை வெண்கலக் கட்டைக்குள்ள சுத்தும். அதுக்கு 90 நம்பர் கியர் ஆயில்தான் கொடுக்கணும். நிப்பிளைப் பார்த்ததும் நம்ம ஆளுங்க கிரீஸ் கன்னை வெச்சு அடிச்சிடுவாங்க. கிரீஸ் காஞ்சு கட்டியானா ஈரம் இறங்கி மரையை அரிக்கும். ஒரு நாள் திருப்பத்துல வீல் மடங்கி விழும்.

மாட்டுங்கா பத்மினி:

எங்களிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. குர்லாவில் பிறந்த வண்டி, மும்பையை விட்டு எங்கேயும் போனதில்லை. எங்களுக்கு பிரேக்கை விட குடியிருப்பு சொசைட்டிதான் பெரிய தலைவலி. காம்பவுண்டில் நிற்பதை அகற்றச் சொல்லி கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு. அதனால் முதலில் அதை ஓட்டியே காட்ட வேண்டியிருந்தது, நீங்கள் சொன்ன வரிசையெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக பத்மினி ஓடிய வரை சாமானுக்குக் கவலை இல்லை. 2023 அக்டோபரில் கடைசி டாக்ஸியும் ஓய்வு பெற்றது. இப்போது கடைக்காரர் "இருந்தா சொல்றேன்" என்கிறார்.

ஒரு எச்சரிக்கை. இப்போது பம்ப்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பியூயல் பம்ப் டயஃப்ரமும் ரப்பர் குழாயும் அதைத் தாங்குவதில்லை. டேங்க்கில் ஒட்டியிருக்கும் பழைய கசடையும் எத்தனால் கரைத்துக்கொண்டு வந்து கார்புரேட்டர் ஜெட்டை அடைக்கிறது. டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஃபில்டர் போடுங்கள், என்ன வருகிறது என்று கண்ணால் பார்க்கலாம்.

அல்சூர் ஏரிக்கரை:

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி பேப்பரைப் பாருங்க. 2021 ஜூலையில வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜ்னு பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். புது நம்பர்ல வி.ஏ.ன்னு வரும், ஆனா ஏற்கனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரையே வெச்சுக்கலாம். எம்.ஒய். பிளேட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீங்க. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னு ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது.

சேஸிஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாற்றம் இருந்தா விண்டேஜ் கணக்குல வராது. எங்க ஏரியா மெக்கானிக் என் மாமாவோட மோரிஸ் மைனருக்கு மாருதி ஓம்னி இன்ஜின் போட்டுடலாம்னு ரொம்ப நாளா ஆசை காட்டினார். மைலேஜ் வரும், சாமான் கிடைக்கும்னு. மாமா கேக்கல. அன்னைக்குப் பிடிவாதம்னு திட்டினவங்க இப்ப வாயைத் திறக்கிறதில்ல.

காக்ஸ் டவுன் ஹெரால்டுக்கு ஒரு கேள்வி: ட்ரன்னியன் எங்க வாங்கினீங்க? ஜே.சி. ரோட்டு சாமான் கடைகள்ல கேட்டா சிரிக்கிறாங்க.

காக்ஸ் டவுன் ஹெரால்டு:

ஜே.சி. ரோட்டுல கிடைக்காதுங்க. சிவாஜிநகர் குஜ்ரியில (பழைய சாமான் சந்தை) ஒரு பக்கம் கிடைச்சுது, ஆனா மரை தேய்ஞ்சிருந்துச்சு. ஹெரால்டு மெட்ராஸ்ல தயாரான வண்டிங்கிறதால சென்னை புதுப்பேட்டையில இன்னும் அங்கங்க சாமான் முடங்கிக் கிடக்கு. கண்ணாடி, கைப்பிடி, லைட் வளையம் எல்லாம் அங்கதான் வாங்கினேன். ட்ரன்னியனை மட்டும் பழசு வாங்காதீங்க. இங்கிலாந்துல டிரையம்ஃப் ஹெரால்டுக்கு இன்னும் புதுசா செஞ்சு விக்கிறாங்க, அதுவே நமக்கும் பொருந்தும். வலது, இடதுன்னு மரை வேற வேற திசை, ஆர்டர் போடும்போது ரெண்டும் சேர்த்தே கேளுங்க.