சோனி ரோலின்ஸ் மேடையை விட்டு விலகிய ஆண்டுகள்

கேள்வி: 1956இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டால் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ், 1959இல் மேடைக் கச்சேரிகளை நிறுத்தியது ஏன்?

மறுமொழி 1: தம் வாசிப்பு அப்புகழுக்கு ஈடாகவில்லை என்று அவரே கருதினார். நியூயார்க்கில் அவர் வீட்டருகே கருவுற்ற பெண் ஒருவர் வசித்ததால், அவருக்குத் தொந்தரவு தர மனமின்றி, வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குச் சென்று, ரயில் இரைச்சலுக்கும் படகுகளின் ஊதலுக்கும் நடுவே, குளிரிலும்கூடப் பல மணி நேரம் பயிற்சி செய்தார்.

மறுமொழி 2: 1961இல் மேடைக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு வெளிவந்த ‘தி பிரிட்ஜ்’ தட்டில் பியானோ கிடையாது. அதன் இடத்தில் ஜிம் ஹாலின் கிட்டார்தான். அதனால் சாக்ஸபோனுக்குக் கிடைக்கும் விசாலத்தைக் கவனித்துக் கேளுங்கள். எனக்கு அவருடைய தட்டுகளில் மிகவும் பிடித்தது இதுவே.

மறுமொழி 3: 1960களின் இறுதியில் மீண்டும் விலகியபோது, பம்பாயின் பவாய் ஆசிரமத்தில் தங்கி யோகம் பயின்றார்.