சாயலா, ஒப்புருவா, ஆளொப்பா? எண்ம முகவடிவமைப்பில் ஒரு கலைச்சொல்

அகராதித் தொகுப்பாளர்:

அன்பு நண்பர்களே,

அசைவூட்டத் துறைச் சொற்பட்டியலில் இன்னும் முடிவாகாமல் நிற்பவற்றுள் 'லைக்னஸ்' ஒன்று. டாஸ் ஸ்டூடியோ, ஸீபிரஷ், கேரக்டர் கிரியேட்டர், மெட்டாஹியூமன் போன்ற மென்பொருள்களில் ஒரு நடிகரின் முகத்தையோ விளையாட்டு வீரரின் முகத்தையோ, பார்த்தவுடன் இன்னார் என்று தெரியும்படி உருவாக்குகிறார்களே, அந்த வேலையின் மையச் சொல் இது. மூன்று பொருளில் வழங்குகிறது: இன்னார் என்று அடையாளம் தெரியும் தன்மை, அப்படி ஆக்கிய உருவம், சட்டத்தில், ஒருவர் தன் தோற்றத்தின்மீது உரிமை கோரும் பொருள்.

இதுவரை வந்த பரிந்துரைகள் சாயல், முகச்சாடை, தத்ரூபம், உருவொப்பு. என் விருப்பம் சாயல். எளிய சொல், எல்லாரும் அறிந்தது. மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள்.

முகவடிவமைப்பாளர், சென்னை:

ஐயா, வணக்கம்.

> எளிய சொல், எல்லாரும் அறிந்தது.

எல்லாரும் அறிந்த பொருளே இங்கே இடைஞ்சலாக இருக்கிறது. முகம் வடிக்கும் இடங்களில் "சாயல் இருக்கு, ஆள் வரல" என்பார்கள். சாயல் பாதி வழியில் கிடைத்துவிடுவது. அண்ணன் தம்பிக்குள் சாயல் உண்டு. அதற்காக ஒருவரை மற்றவர் என்று நினைப்பதில்லை. லைக்னஸ் என்பது 'இவரேதான்' என்று கண் சொல்லிவிடும் நிலை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், எது முடிந்தது எது முடியவில்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே முடியாது. செய்முறையைக் கொஞ்சம் விரித்தால் இந்த இடைவெளி தெளிவாகும்.

டாஸில் ஜெனிசிஸ் என்ற ஆயத்த உருவத்திலிருந்து தொடங்குகிறோம். ஃபேஸ் டிரான்ஸ்ஃபர் கருவிக்கு நேர்முகப் படம் ஒன்று கொடுத்தால் சிறிது நேரத்தில் ஒரு தலை கிடைக்கும். அதில் சாயல் இருக்கும், முன்பக்கம் மட்டும். பக்கவாட்டில் திருப்பினால் தெரியும் மூக்கின் நீட்டமும் மோவாயின் சரிவும் மென்பொருளின் ஊகம்; ஒற்றைப் படத்தில் அந்தத் தகவலே கிடையாது. போதாக்குறைக்கு அந்தக் கருவி புகைப்படத்தையே தோலாகப் போர்த்திவிடுகிறது. படம் எடுத்தபோது மூக்கின் ஓரம் விழுந்த நிழல், காட்சியில் விளக்கை எங்கே நகர்த்தினாலும் அங்கேயே ஒட்டியிருக்கும். ஆகவே முதலில் தோலைக் கழற்றிவிட்டு ஒரே சாம்பல் நிறத்தில் பாருங்கள். சாம்பலில் ஆள் தெரியாவிட்டால் வடிவம் பிழை. அதன்மேல் எவ்வளவு நல்ல தோலைப் போர்த்தினாலும் பிழை மறையுமே தவிரத் தீராது.

மாதிரிப் படங்களைப் பொறுக்குவதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக ஏறத்தாழ 12 செ.மீ. இடைவெளி. 30 செ.மீ. தொலைவில் கைபேசியால் எடுத்தால் மூக்கு 30 செ.மீ.யிலும் காது 42 செ.மீ.யிலும் இருக்கும், காதோடு ஒப்பிட மூக்கு 1.4 மடங்கு பெரிதாக விழும். 2 மீட்டரில் எடுத்தால் அதே விகிதம் 1.06 தான். இந்த இரண்டு படத்தையும் ஒரே கேமராவில் ஒரே தலைக்குப் பொருத்தப் பார்த்தால் யாருடையதுமல்லாத ஒரு முகம் வரும். ஒவ்வொரு படத்துக்கும் தனிக் கேமரா வைத்து, முதலில் அதன் தொலைவைப் பொருத்த வேண்டும். விகிதத்தை மாற்றுவது தொலைவு. படச்சட்டத்துக்குள் எவ்வளவு அடங்கும் என்பதைத்தான் லென்சின் குவியத்தூரம் தீர்மானிக்கிறது. டாஸில் புதிய கேமரா 65 மி.மீ. குவியத்தூரத்திலும், பிளெண்டர் என்ற இன்னொரு முப்பரிமாண மென்பொருளில் 50 மி.மீ.யிலும் திறக்கும். அதையும் தொலைவையும் படத்துக்குப் பொருத்தாமல் மூக்கைச் செதுக்க உட்கார்ந்தால், கேமராவின் பிழையை எலும்பில் செதுக்கி வைப்போம். படங்கள் ஒரே வயதுக் காலத்தவையாகவும் இருக்க வேண்டும். 30 வயதுக் கன்னத்தையும் 50 வயது இமையையும் கலந்தால் எந்த வயதிலும் அவர் அப்படி இருந்ததில்லை.

அளவுகோல் கருவிழி. வளர்ந்தவர்களிடம் அதன் விட்டம் 11.7 மி.மீ. அளவில் நிற்கும், ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது. நேர்முகப் படத்தில் அது எத்தனை படப்புள்ளி என்று எண்ணினால், கண்ணுக்குக் கண் உள்ள தூரத்தை மி.மீ.யில் பெறலாம். விழிக்கோளம் சுமார் 24 மி.மீ.; 'பெரிய கண்' என்று நாம் சொல்வது பெரும்பாலும் இமை திறந்திருக்கும் அளவையே. அதை விட்டுக் கோளத்தைப் பெருக்கினால் பொம்மை விழிதான் கிடைக்கும்.

செதுக்கும் வரிசை: மண்டை அகலம், கண்மட்டம், மோவாய் நீளம், பிறகு கன்ன எலும்பும் மூக்குத் தண்டும், இமையும் உதடும் அதற்கும் பிறகு. படத்தையும் தலையையும் 64 புள்ளி உயரத்துக்குச் சுருக்கிப் பக்கம் பக்கமாக வைத்தால் மருவும் சுருக்கமும் மறைந்து விகிதம் மட்டும் மிஞ்சும். அங்கேயே ஆள் தெரிய வேண்டும். அதுவரை சமச்சீர் முறையில் வேலை செய்யலாம். பிறகு அணைத்துவிட வேண்டும். ஒரு புருவம் ஏறியிருப்பதும் மூக்கு இம்மியளவு சாய்ந்திருப்பதும் வாயின் ஒரு மூலை தாழ்ந்திருப்பதும் அவருடையவை. சமச்சீராக விட்ட முகம் சாயலோடு நின்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம். இணையத்தில் கிடைக்கும் சில படங்கள் இடவலம் மாற்றப்பட்டவை. தலை வகிடோ மச்சமோ எந்தப் பக்கம் என்று முதலிலேயே சரிபாருங்கள்.

செதுக்குவதற்காக ஸீபிரஷுக்குக் கொண்டுபோகும்போது உருவத்தை அடிப்படைத் தெளிவில் அனுப்ப வேண்டும். உருவத்தின் வலைப்பின்னலில் கோடுகள் சந்திக்கும் முனைகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறாமல் திரும்பி வர வேண்டும். ஒரு முனை கூடினாலும் டாஸ் அதை உருத்திரிபாக, அதாவது ஆயத்த உருவத்தின் வடிவ மாற்றமாக, ஏற்காது. ஏற்றிய பிறகு, உருவத்தை அசைக்க உள்ளே வைத்திருக்கும் எலும்புகளையும் புதிய வடிவத்துக்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் கண் எலும்பின் மையம் பழைய இடத்திலேயே நிற்கும். பார்வை திரும்பும்போது விழி இமையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

ஆகவே என் வேண்டுகோள்: சாயலைச் சாயலாகவே விட்டுவிடுங்கள். ஆள் தெரியும் நிலைக்கு ஒரு சொல்லும், செய்து முடித்த உருவத்துக்கு வேறொரு சொல்லும் வேண்டும்.

தமிழாசிரியர், யாழ்ப்பாணம்:

அன்புடையீர்,

தங்கை எழுதியதைப் படித்தபின் சாயலை நானும் கைவிடுகிறேன். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'அச்சொட்டு' உண்டு. "பிள்ளை தகப்பனை அச்சொட்டாய் உரிச்சு வைச்சிருக்கு" என்பது நாளும் கேட்கிற வாக்கியம். தமிழ்நாட்டார் 'அச்சு அசல்' என்பார்கள். ஆனால் சாவி பூட்டுக்குப் பொருந்தினாலும் 'அச்சொட்டு', கணக்குச் சரிவந்தாலும் 'அச்சொட்டு'. ஆள் என்ற கருத்து அதில் இல்லை. பெயர்ச்சொல்லாக நிறுத்தி 'அச்சொட்டு உரிமை' என்றால் யாருக்கும் விளங்காது.

தத்ரூபத்தை நீக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நிசம்போல இருப்பதைச் சொல்வது. பிறக்கவே பிறக்காத ஒருவரின் முகத்தை மென்பொருளில் தத்ரூபமாக ஆக்கலாம். அங்கே ஒப்பிட ஆள் இல்லை. மறுபக்கம், கேலிச்சித்திரக்காரர் நான்கு கோட்டில் ஒரு தலைவரைக் காட்டிவிடுகிறார். அங்கே தத்ரூபம் துளியும் இல்லை, ஆள் முழுதாக இருக்கிறார். இவை இரண்டு தனித்தனித் தன்மைகள். கலைச்சொல் அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

செய்து முடித்த உருவத்துக்கு 'ஒப்புரு' பொருத்தம். 'ஒப்புரவு' என்ற குறள் வழிச் சொல்லோடு ஓசை நெருங்குகிறது என்று யாரேனும் சொல்லக்கூடும். 'எண்ம ஒப்புரு' என்று அடை சேர்த்தால் மயக்கம் வராது. தன்மைக்கு 'உருவொப்பு' போதும் என்று நினைக்கிறேன்.

முகவடிவமைப்பாளர், சென்னை:

ஐயா, தத்ரூபத்தையும் ஆளையும் பிரித்துக் காட்டியதற்கு நன்றி. ஒப்புருவை அப்படியே ஏற்கிறேன். உருவொப்பில் மட்டும் ஒரு தடை: உருவம் மில்லிமீட்டர் பிசகாமல் பொருந்தியும் ஆள் தவறிப்போவதுண்டு.

இதற்கு நன்கு பதிவான சான்று நடிகர் பீட்டர் குஷிங். 1977ல் ஸ்டார் வார்ஸ் படத்தில் அவர் நடித்த டார்கின் பாத்திரத்தை, அவர் 1994ல் மறைந்த பிறகு, 2016ல் வெளிவந்த ரோக் ஒன் படத்துக்காக ஐஎல்எம் என்ற காட்சி விளைவு நிறுவனம் எண்ம உருவமாக மீட்டது. முக அசைவைக் கொடுத்தவர் நடிகர் கய் ஹென்றி. குஷிங்கின் முகத்திலிருந்து 1980களில் எடுத்த அச்சு ஒன்றும் வடிவத்துக்குக் கைகொடுத்தது. ஆனால் ஹென்றியின் வாயசைவை அந்த முகத்துக்கு மாற்றியதும் ஆள் விலகினார். 'ஆ' என்னும்போது குஷிங் மேலுதட்டை அசைப்பதில்லை. தாடையைப் பாதி திறந்து, கீழுதட்டைச் சதுரமாக்கிக் கீழ்ப்பற்களைக் காட்டுவார். அந்தப் பழக்கத்தை அசைவில் தனியாகத் திருத்த வேண்டியிருந்தது. இந்தத் திருத்தத்தை 'உருவொப்பு' என்றால் பொருந்துமா?

நம் மேசையிலும் இதே சிக்கல்தான். நடிகர்களை மக்கள் சிரித்த முகத்தில்தான் அறிந்திருக்கிறார்கள்; நாம் செதுக்குவதோ வாய்மூடிய முகத்தை. ஆயத்த உருவத்தோடு வரும் சிரிப்பைச் சேர்த்தவுடன், அந்தச் சிரிப்பு எல்லா முகத்துக்கும் பொதுவானது என்பதால், ஆள் போய்விடுகிறார். எக்மனும் ஃபிரீசனும் 1978ல் வெளியிட்ட முக அசைவுக் குறியீட்டு முறை ஒவ்வோர் அசைவையும் தனி அலகாகப் பிரிக்கிறது. ஆப்பிளின் ஏஆர்கிட் என்ற மென்பொருள் தொகுப்பு 52 அலகுகளாக முக அசைவைப் பதிகிறது. சிரிப்புக்கு வாய்மூலை ஏறுவது ஓர் அலகு, கன்னம் ஏறுவது இன்னோர் அலகு. ஒவ்வொன்றையும் அவருடைய நிகழ்படத்தோடு ஒப்பிட்டு, கன்ன மடிப்பு எங்கே விழுகிறது, ஈறு தெரிகிறதா, எந்தக் கண் முதலில் சுருங்குகிறது என்று பார்த்துத் திருத்து உருத்திரிபுகளைச் சேர்த்தாக வேண்டும். இதை விட்டுவிட்டு முகத்தை முடித்துவிட்டோம் என்று சொல்வது தவறு.

அதனால் தன்மைக்கு 'ஆளொப்பு' என்று முன்வைக்கிறேன். உருவம், அசைவு, சிரிப்பு எல்லாம் சேர்ந்து ஆளோடு ஒத்துப்போவது. "ஆள் வரல" என்ற பேச்சு வழக்கின் வேரும் அதில் இருக்கிறது.

தமிழாசிரியர், யாழ்ப்பாணம்:

புணர்ச்சி சரி. தனிக்குறிலை அடுத்த ஒற்று அல்லாததால் ளகரம் இரட்டிக்காது; ஆள் + ஒப்பு = ஆளொப்பு. இரண்டு ஐயங்கள். 'ஒப்பம்' கையெழுத்தைக் குறிப்பதால் 'ஆளொப்பம்' என்று யாரேனும் நீட்டிவிட்டால் பொருள் கெடும். மற்றது, 'ஆள்' என்பதில் மரியாதை குறைவாகத் தொனிக்கிறதே. மறைந்த பெரிய கலைஞர் ஒருவரைப் பற்றி எழுதும்போது உறுத்தாதா?

வழக்கறிஞர், மதுரை:

ஐயா, இரண்டாம் ஐயத்துக்குச் சட்டத் தமிழில் விடை இருக்கிறது. ஆள்மாறாட்டம், ஆட்கொணர்வு மனு இரண்டும் நாளிதழில் அன்றாடம் வருபவை. அங்கே 'ஆள்' என்பது சட்டம் அறியும் தனிமனிதர். உயர்வு தாழ்வு அதில் இல்லை. உரியவர் அனுமதியின்றிச் செய்த ஒப்புரு ஆள்மாறாட்ட வழக்காகவும் முடியலாம் என்பதால் இரண்டு சொல்லும் ஒரே வேரில் நிற்பது நல்லது.

சட்டத்திலும் உருவம் மட்டும் போதாது. கலிஃபோர்னியக் குடியியல் சட்டத்தின் 3344ஆம் பிரிவு பெயர், குரல், கையொப்பம், புகைப்படம் ஆகியவற்றோடு லைக்னஸைத் தனியாக எண்ணுகிறது. புகைப்படம் வேறாக நிற்பதால் 'உருவப்படம்' என்று மொழிபெயர்த்தால் பிரிவே குழம்பும். 3344.1ஆம் பிரிவு இந்த உரிமையை மறைவுக்குப் பின் 70 ஆண்டு நீட்டிக்கிறது. நம் பக்கத்தில், ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2015ல் தடை வழங்கியபோது பெயர், உருவம், கேலிச்சித்திரம், வசனம் பேசும் பாணி ஆகியவை ஒன்றாகப் பேசப்பட்டன. இன்னார் என்று அடையாளம் தெரிந்தாலே போதும் என்பதே அளவுகோல். ஆசிரியர் ஐயா சொன்ன கேலிச்சித்திரமும் சென்னைச் சகோதரி சொன்ன வாயசைவும் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 'ஆளுமை உரிமை' ஏற்கெனவே பரவிவிட்ட பெருஞ்சொல். அதனுள் ஒரு பகுதியாக 'ஆளொப்பு உரிமை' நிற்கலாம்.

அகராதித் தொகுப்பாளர்:

மூவருக்கும் நன்றி. சாயலை விட மனமில்லாமல்தான் தொடங்கினேன்; இப்போது அதைத் தனிப் பதிவாகவே வைக்கிறேன். வரைவு:

சாயல் – சில கூறுகள் மட்டும் ஒத்திருத்தல். "கண்ணும் நெற்றியும் சாயல் தருகின்றன, மோவாயைத் திருத்தினால் ஆளொப்பு வரும்."

ஆளொப்பு – ஓர் உருவத்தைக் கண்டதும் இன்ன தனிமனிதர் என அடையாளம் தெரியும் தன்மை. ஆளொப்புச் சோதனை, ஆளொப்பு உரிமை. 'ஆளொப்பம்' என எழுதற்க.

எண்ம ஒப்புரு – ஆளொப்பு உடையதாகக் கணினியில் ஆக்கிய உருவம்.

தத்ரூபம் – மெய்போல் தோன்றுதல். ஆளொப்புக்கு ஈடன்று.

முகவடிவமைப்பாளர், சென்னை:

ஐயா, வரைவு நிறைவாக இருக்கிறது. ஒரே திருத்தம்: ஆளொப்பின் விளக்கத்தில் 'உருவத்தை' என்பதை 'உருவத்தையோ அதன் அசைவையோ' என்று மாற்றுங்கள். ஆளொப்புச் சோதனைக்கும் ஒரு வரி வேண்டும்: தோலின்றிச் சாம்பல் நிறத்தில், முன்பக்கம், முக்கால்பக்கம், பக்கவாட்டு என மூன்று கோணத்திலும், வாய்மூடியும் சிரித்தும், பெயர் சொல்லாமல் காட்டுவது. சோதிப்பவர் அந்த முகத்தைச் செதுக்கியவராக இருக்கக் கூடாது. பல மணிநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பிழையும் அவராகவே தெரியத் தொடங்கிவிடும்.