தம்பிக்கு ஆட்டிசம், பூட்டின வீட்டுக்குள்ள போயிடுறான். போலீஸ் வரை போயிருச்சு, என்ன செய்ய?

சாவிக்கொத்து:

வணக்கம். நான் காரைக்குடிப் பக்கம். ஊர்ப் பேர் வேண்டாம், சொன்னா வீடே தெரிஞ்சுரும். தம்பிக்கு 23 வயசு. எட்டு வயசுல ஆட்டிசம்னு சொன்னாங்க. நல்லாப் பேசுவான், பத்தாவது வரை படிச்சான், தனியா பஸ் ஏறி தேவகோட்டை போயிட்டு வந்துருவான். உலகத்துலயே அவனுக்குப் பிடிச்சது பூட்டு. திண்டுக்கல் மாங்காப் பூட்டைக் கண்ணை மூடிக்கிட்டுத் தடவியே எத்தனை லீவர்னு சொல்வான்.

எங்கப்பா முப்பது வருஷமா ஒரு செட்டியார் வீட்டுக்குக் காவல். அவங்க சென்னையில இருக்காங்க, கல்யாணம், சாந்தின்னாத்தான் வருவாங்க. தம்பி சின்னப் பிள்ளையில இருந்தே அப்பா கூடப் போவான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டுன்னு ஒவ்வொரு கதவாத் திறந்து, தூசி தட்டி, திரும்பப் பூட்டணும். அதுதான் அவனுக்கு விளையாட்டு. இப்ப அதுவே வினையாப் போச்சு. பூட்டிக் கிடக்குற வீடுன்னா உள்ள போய்ப் பார்க்கலாம்னு மனசுல பதிஞ்சுருச்சு.

ரெண்டு வருஷத்துல மூணு தடவை வேற வீட்டுக்குள்ள போயிட்டான். முதல் ரெண்டு தடவை தெரிஞ்சவங்க, சிரிச்சுட்டு விட்டாங்க. மூணாவது, போன தை மாசம். பூட்டிக் கிடந்த வீடுதான், ஆனா அன்னைக்கு அந்த வீட்டு ஆச்சி ஊருக்கு வந்து உள்ள படுத்திருந்திருக்காங்க. கண்ணு முழிச்சா எதிர்ல கையில பூட்டோட ஒரு ஆள். அவங்க போட்ட சத்தத்துக்குத் தெருவே கூடிருச்சு. ஸ்டேஷன்ல 'பூட்டை உடைச்சியாடா'ன்னு கேட்டதுக்கு இவன், 'உடைக்கல, உடைக்கத் தேவையே இல்ல'ன்னு அரை மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்கான். என்னமோ எழுதி அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு விட்டாங்க.

அதை விட பெரிய பயம் ஒண்ணு இருக்கு. டீக்கடையில ரெண்டு பசங்க இவனை 'மாப்ள'ன்னு கூப்பிட்டு போண்டா வாங்கித் தர்றாங்க. எந்த வீட்டுல பழைய பூட்டு, எங்க காவல் இல்லன்னு விசாரிக்கிறாங்க. இவன் நோட்டுல தெருவே வரைஞ்சு காட்டியிருக்கான். கேட்டா, 'அவங்க என் ஃப்ரெண்ட்ஸ்'.

சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள பூட்டி வைக்கச் சொல்றாங்க. எந்தப் பூட்டைப் போட்டு?

பொட்டல்காடு:

ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைங்க, சரியாயிரும்.

திருச்சி டீச்சர்:

மேல சொன்ன யோசனையைத் தயவுசெஞ்சு கேட்காதீங்க. வர்ற பொண்ணு என்ன பாவம் செஞ்சா?

சாவிக்கொத்து, நான் சிறப்புப் பள்ளியில வேலை பார்க்கிறேன். 'அடுத்தவங்க வீட்டுக்குப் போகாதே'ன்னு நீங்க சொல்லியிருப்பீங்க. அவன் சின்ன வயசுல இருந்து போனதே அடுத்தவங்க வீடுதானே? அவன் கணக்குல அந்த வாக்கியத்துக்கு அர்த்தமே இல்லை. போகலாம்னு இருக்கிற வீட்டோட போட்டோவை ஒரு அட்டையில ஒட்டுங்க. இப்போதைக்கு ஒரே ஒரு வீடு. அதுவும் அப்பா கூட, பகல்ல மட்டும். வேற வீடு சேரணும்னா வீட்டுக்காரங்க அவங்க வாயால சொல்லணும். நோட்டைப் பிடுங்காதீங்க, வீட்டை விட்டு வெளிய போகாதுன்னு மட்டும் வைங்க. அந்தப் பசங்க விஷயத்துல 'அவங்க கெட்டவங்க'ன்னா நம்ப மாட்டான், போண்டா வாங்கித் தந்தவங்களாச்சே. யார் பூட்டைப் பத்திக் கேட்டாலும் 'அக்காகிட்ட கேளுங்க'ன்னு சொல்லப் பழக்குங்க. நீங்களே அந்தப் பையன் மாதிரி நடிச்சு, தினமும் பத்துத் தடவை.

தேவகோட்டை நர்ஸ்:

நான் தேவகோட்டைக்காரிதான். இப்ப இங்கிலாந்துல, கிட்டத்தட்ட இதே மாதிரிப் பிள்ளைகளுக்கான ஒரு குழுவுல வேலை. ஆட்டிசம் உள்ளவங்க மத்தவங்களை விட அதிகமாக் குற்றம் செய்றாங்கன்னு நினைச்சுறாதீங்க, அதுக்கு ஆதாரம் கிடையாது. அவங்களை வச்சு மத்தவங்க காரியம் சாதிச்சுக்கிறதுதான் நான் அடிக்கடி பார்க்கிறது.

இங்கயும் முன்னாடி இவங்களை ஆஸ்பத்திரியில வருஷக்கணக்கா அடைச்சுத்தான் வச்சிருந்தாங்க. 2011ல வின்டர்போர்ன் வியூங்கிற தனியார் ஆஸ்பத்திரியில நோயாளிகளை அடிச்சுக் கொடுமைப்படுத்தினதை ரகசியக் கேமராவுல எடுத்து டிவியில காட்டினாங்க. நாடே அதிர்ந்துபோச்சு. அப்புறம் 2015ல வந்த தேசியத் திட்டத்துல, வழக்குல சிக்குற ஆபத்துல இருக்கிறவங்களுக்கும் ஊருக்குள்ளயே ஆதரவு தரணும்னு வச்சாங்க. எங்க குழுவுல மனநல நிபுணர், பேச்சுப் பயிற்சியாளர், சமூகப் பணியாளர், நான். வீட்டுக்கே போவோம். 'ஏன் செஞ்சே'ன்னு கேட்கவே மாட்டோம், அதுக்கு அவங்ககிட்ட பதில் இருக்காது. அன்னைக்குக் காலையில இருந்து என்ன நடந்ததுன்னு படம் வரைஞ்சு கேட்போம். எத்தனையோ தடவை, வழக்கமாப் போற இடம் அன்னைக்கு மூடியிருந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்பா அன்னைக்கு வேலைக்குப் போனாரா? இதை மட்டும் விசாரிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, இங்க போலீஸ் இவங்களை விசாரிக்கும்போது துணைக்கு ஒரு ஆள் கூட இருக்கணும். 1984ல வந்த சட்டத்துல இருந்து அந்த வழக்கம். அங்க எப்படின்னு வக்கீல் யாராவது சொல்லுங்க.

வக்கீல் மாமா:

சொல்றேன் தாயி. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது), அத்துமீறி நுழைதல் 329ஆம் பிரிவு. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ எண்ணம் இருக்க வேண்டும். பூட்டைப் பார்க்கப் போனவனிடம் அது இல்லை என்று வாதிடலாம். ஆனால் அந்தப் பசங்க திருடி, இவன் வரைந்த நோட்டு அவங்க கையில் இருந்தால் என் வாதம் எடுபடுவது கஷ்டம். அதை முதலில் பாருங்கள்.

சாட்சியாக விசாரிக்க உடல், மன மாற்றுத்திறனாளியை வீட்டை விட்டு வெளியே வரச் சொல்லக் கூடாது. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 179ஆம் பிரிவு, அது குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம். கைதாகி விசாரிக்கப்பட்டால், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமை அதே சட்டத்தின் 38ஆம் பிரிவில் உண்டு. மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. 15100க்கு போன் போட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு. ஆட்டிசம் 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது, ஆகவே மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லையென்றால் உடனே வாங்குங்கள். ஸ்டேஷனில் முதலில் நீட்ட வேண்டியது அதைத்தான்.

'புத்தி சுவாதீனம் இல்லாத பையன்' என்று மட்டும் யாரிடமும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். புத்தி சுவாதீனம் இல்லாதவர் செய்தது குற்றமாகாது என்கிற நியாய சன்ஹிதா 22ஆம் பிரிவு வேறு, ஆட்டிசம் வேறு. பின்னால் அவன் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

சாவிக்கொத்து:

எல்லாருக்கும் நன்றி. பதினைஞ்சு நாள் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடுறேன்.

நர்ஸ் அக்கா, கேட்டதும் திக்குன்னு இருந்துச்சு. தை மாசம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஒரு வாரம் அந்த வீட்டைத் திறக்கவே இல்ல. அஞ்சாவது நாள்தான் இவன் அந்த ஆச்சி வீட்டுக்குப் போயிருக்கான். நாங்க யாரும் இதை முடிச்சுப் போட்டுப் பார்க்கவே இல்ல. இப்ப அப்பா போக முடியாத நாள்ல நான் போய் முகப்புக் கதவையாவது திறந்து மூடுறேன்.

முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கிற ஒரு அண்ணன், துருப்பிடிச்ச பூட்டைச் சுத்தம் பண்ண செவ்வாய், வெள்ளி வரச் சொல்லியிருக்காரு. கூலி இருபது ரூபாயும் ஒரு டீயும். கொஞ்சம் கஞ்சத்தனம்தான், இருக்கட்டும்.

டீச்சர் சொன்னபடி பழக்கினோம். அவன் பசங்ககிட்ட 'அக்காகிட்ட கேளுங்க'ன்னு சொன்னதோட விடல, என் நம்பரையும் கொடுத்துட்டு வந்துட்டான். அதுல ஒருத்தன் நிஜமாவே போன் பண்ணான். 'எந்த வீட்டைப் பத்தித் தம்பி கேட்கணும்'னேன். வச்சுட்டான்.

வக்கீல் மாமா, அன்னைக்கு ஸ்டேஷன்ல அப்பாகிட்ட கையெழுத்து வாங்கினாங்கல்ல, அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு அப்பா படிக்கல. கண்ணாடி கொண்டு போகலையாம். அதோட நகல் கேட்டா கொடுப்பாங்களா?