நல்ல கால்

எனக்கு 64 வயது. 1963-ல், இரண்டு வயதில், இளம்பிள்ளை வாதம் (போலியோ) வந்து இடது கால் போனது. ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். காய்ச்சல் விட்ட பிறகு நிற்க வைத்துப் பார்த்தால் கால் ஈரத்துணி மாதிரி மடங்கியதாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இடது கால் 'சின்னக் கால்', வலது கால் 'நல்ல கால்'. முற்றத்துத் தூண்களுக்கிடையே கயிறு கட்டி, காலையில் இருபது நடை, சாயங்காலம் இருபது நடை என்று அம்மா என்னை நடக்க வைத்தாள். அழுதாலும் விட்டதில்லை. "நல்ல காலை முதல்ல வைடி" என்ற அவள் குரலில்தான் படியேறக் கற்றேன்.

ஏழு வயதில் முதல் கேலிப்பர். இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையில் தோல் வார், முழங்காலில் ஒரு பூட்டு. எழுந்து நிற்கும்போது 'டக்' என்று பூட்டு விழும். 32 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தேன். அந்தச் சத்தம் கேட்டால் கடைசி பெஞ்சு வரை அமைதியாகிவிடும். நின்றுகொண்டேதான் பாடம் எடுப்பேன். நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள், உட்கார மாட்டேன். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒருநாள் மாலை வீட்டுப் படியில் வழக்கம்போல நல்ல காலை எடுத்து வைத்தேன். கால் படியில் இருக்கிறது, உடம்பை மேலே தூக்க மறுக்கிறது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். காய்கறிப் பையிலிருந்து ஒரு தக்காளி உருண்டு ஒவ்வொரு படியாகக் கீழே போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வந்த பயம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. விழுவது எனக்குப் புதிதல்ல. நல்ல கால் கைவிடுவது புதிது.

இரண்டு ஆஸ்பத்திரி, மூன்று டாக்டர். "வயசாயிடுச்சும்மா, தேய்மானம்தான். நல்லா நடங்க, எக்சர்சைஸ் பண்ணுங்க" என்றார்கள். நடந்தேன். மொட்டை மாடியில் தினமும் அரை மணி நேரம், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆறு மாதத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு குழந்தைக்கு. இன்றைய இளம் டாக்டர்கள் பலர் போலியோவைப் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனால் பிழைத்த நாங்கள் இன்னும் இருக்கிறோம், எங்களுக்கும் வயதாகிறது.

கடைசியில் சொன்னது ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண். என் மாணவிகள் வயதுதான் இருக்கும். வலது தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இந்தக் காலுக்கும் அப்பவே போலியோ வந்திருக்கும் போல. உங்களுக்குத்தான் தெரியல" என்றாள். போலியோ கிருமி தசையை இயக்கும் நரம்பு செல்களைக் கொல்கிறது. மிஞ்சிய செல்கள் புதுக் கிளை விட்டு, செத்தவற்றின் தசை நார்களையும் சேர்த்துச் சுமக்கின்றன. பல பத்தாண்டுகள் சுமந்து களைத்துப் போகும்போது புதிதாகப் பலவீனம் வருகிறது. போஸ்ட் போலியோ சிண்ட்ரோம் என்று பெயர். கிருமி திரும்பி வருவதில்லை. வேறு நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் இதை உறுதி செய்வார்கள், அதற்கும் டாக்டரிடம் அனுப்பினாள். குணப்படுத்த மருந்து கிடையாது. களைப்பு வருவதற்கு முன்னாலேயே உட்கார வேண்டும், பலத்தைச் சேமித்துச் செலவழிக்க வேண்டும். மொட்டை மாடி நடையை அன்றே நிறுத்தச் சொன்னாள்.

இதைப் படிப்பவர்களில் சின்ன வயதில் போலியோ வந்தவர்கள் இருந்தால், புதிதாகக் களைப்போ பலவீனமோ, தாங்க முடியாத குளிரோ, மூச்சுத் திணறலோ வந்தால் வயது என்று விட்டுவிடாதீர்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் போலியோ வந்ததை நீங்களே சொல்லுங்கள். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

சக்கர நாற்காலி வாங்கினேன். என்னைவிட அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. அவளுக்கு 84 வயது, என்னோடுதான் இருக்கிறாள். நாற்காலி வந்த அன்று அவள் சாப்பிடவில்லை. "இதுல உக்காரவா உன்னை அந்தப் பாடு படுத்தினேன்?" என்றாள். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். நரம்பு, செல் என்பதெல்லாம் அவளிடம் எடுபடவில்லை. ராத்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்லெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, முதல் தடவையாக வலது காலில் தடவினாள். அறுபது வருஷமாக அவள் கை இடது காலுக்குத்தான் போகும்.

போன மாதம் தம்பி மகன் எங்கள் இரண்டு பேரையும் மெரினாவுக்கு அழைத்துப் போனான். 2022-ல் மணலுக்கு மேலே கடல் பக்கம் வரை மரப்பாதை போட்டிருக்கிறார்களே, அங்கே. மணலில் கேலிப்பரோடு நடக்கவே முடியாது, அதனால் இத்தனை வருஷமும் நான் ரோட்டு ஓரத்திலேயே நின்றுவிடுவேன். அன்று அவன் தள்ளத் தொடங்கியதும் அம்மா, "இருடா, நான் தள்றேன்" என்றாள். அவளுக்கும் இப்போது பிடிமானம் இல்லாமல் நடக்க முடியாது. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வந்தாள். அவன் பக்கவாட்டில் ஒரு கை கொடுத்துக்கொண்டு வந்தான். பாதி தூரத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாள்.

"கால் வலிக்குதாம்மா?" என்றேன்.

"இல்லடி. இதைப் புடிச்சுக்கிட்டா எனக்கும் நல்லாத்தான் இருக்கு."