மறுமொழி: ‘தகவமைப்பு’ மலைக்காட்டில் நிற்குமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டத்து மலையூர்களான சித்தேரி, வத்தல்மலையில் கொடுப்பதற்காக ஒரு துண்டறிக்கை எழுதிவருகிறேன். காடு, புல், நீர் போன்ற இயற்கையின் துணையோடு காலநிலை மாற்றத்தைச் சமாளிப்பதைக் குறிக்கும் ‘எக்கோசிஸ்டம் பேஸ்டு அடாப்டேஷன்’ என்ற தொடருக்குத் தமிழ்ச்சொல் கிடைக்காமல் மூன்று நாளாக நகரவில்லை. உதவிக்கு வந்த இருவருக்கும் நன்றி.

> சூழல் மண்டலம் சார்ந்த தகவமைப்பு. பாடநூல் சொற்களே போதுமே?

ஐயா, நானும் முதலில் இதைத்தான் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். தகவமைப்பு என்றதும் ஒட்டகத்தின் திமிலும் சப்பாத்திக்கள்ளியின் முள்ளும் நினைவுக்கு வருகின்றன. அது பல தலைமுறைகளில் உடலில் தானாக நேர்வது. நாம் பேசுவதோ ஊர் கூடி முடிவெடுத்துச் செய்வது. இலங்கைப் பாடநூல்களில் வரும் ‘இசைவாக்கம்’ அழகான சொல். ஆனால் வறட்சியோடு யார் இசைந்துபோக விரும்புவார்கள்?

> அக்கா, தாக்குப்பிடிப்பு எனலாமா?

நல்ல சொல், தம்பி. அதை ‘ரெசிலியன்ஸ்’ என்பதற்கு வைத்துக்கொள்வோம். தாக்குப்பிடிப்பவன் அடியை வாங்கிக்கொண்டு நிற்கிறான். எனக்கு வேண்டியது, அடிக்கு ஏற்ப ஆட்டத்தை மாற்றுகிறவனின் சொல்.

போன ஆவணியில் சித்தேரியில் ஒரு பாட்டியின் சாமைக் காட்டில் நின்றிருந்தேன். சரிவுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் கல்வரப்பு. சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கியது. இடுக்குகளில் நீர் கசிந்து இறங்க, மண் மட்டும் மேல்பக்கம் தங்கிக் கறுத்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன், புல்வேர் பின்னி, கையோடு கட்டியாக வந்தது. இடையில் மழை நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். சாமை ஈடுகொடுத்துவிடும் என்றார்.

ஈடுகொடுப்பு. இதுவே என் பரிந்துரை.

‘ஈடு’ என்றால் அடமானம், இழப்பீடு ஆயிற்றே என்பீர்கள். தனியே நின்றால் அப்படித்தான். ‘கொடு’ சேர்ந்ததும் பொருள் திரும்பிவிடுகிறது. ‘அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்தான்’ என்றால் யாருக்கும் அடகுக்கடை நினைவு வருவதில்லை. கலைச்சொல் வினையாகவும் நடக்க வேண்டும். ‘ஊர் வறட்சிக்கு ஈடுகொடுக்கிறது’ என்பது தடையில்லாமல் நடக்கிறது.

தொடரின் முன்பகுதியான ‘எக்கோசிஸ்டம்’ என்பதற்கு ‘உயிர்ச்சூழல்’ வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன். 2009-இல் உயிரியப் பன்மய உடன்படிக்கை என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கீழ் இத்தொடருக்கு வந்த வரையறை, மக்கள் காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உயிரினப் பன்மையையும் சூழல் தரும் பயன்களையும் கைக்கொள்வதையே குறிக்கிறது. சிமெண்ட் தடுப்பணையும் ஈடுகொடுப்புதான், ஆனால் இந்த வகை அல்ல. வரப்புக்குப் பின்னால் வேலை செய்வது வேரும் மட்கும். ‘இயற்கைவழி’ என்றால் இங்கே உரமில்லாத விவசாயம் என்று எண்ணிவிடுவார்கள். அந்தச் சொல்லை, இந்த ஈடுகொடுப்பையும் உள்ளடக்கிய ‘நேச்சர் பேஸ்டு சொல்யூஷன்ஸ்’ என்ற பெரிய வகைக்கு, ‘இயற்கைவழித் தீர்வுகள்’ என்று விட்டுவிடலாம்.

இந்தத் தொடரை வெளிநாட்டுச் சான்றுகளிலும் போட்டுப் பார்த்தேன். நேபாளத்தின் பஞ்சாசேயில் சாலை வெட்டிய சரிவுகளில் துடைப்பப்புல் நட்டார்கள். வேர் மண்ணைப் பிடித்தது, பூந்தண்டு துடைப்பமாக விலைபோனது. பெருவின் நோர் யாவுயோஸ் கோச்சாஸ் மலைகளில் பழைய நீர்வழிகளைச் சீராக்கி மேய்ச்சல் புல்வெளிகளை மீட்டார்கள். இரண்டையும் ‘உயிர்ச்சூழல்வழி ஈடுகொடுப்பு’ என்று எழுதினால் வாக்கியம் எங்கும் இடறவில்லை.

துண்டறிக்கையின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: ‘காடும் புல்லும் சுனையும் நன்றாக இருந்தால், மாறிவரும் மழைக்கு நம் மலை ஈடுகொடுக்கும்.’ வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.